பிரித்த வீட்டு மரம்: பழைய சாமான்களும் விடுதிகளும் தமிழ் வீட்டுக்குத் தந்த அலங்காரம்

தமிழ்நாட்டு நகர வீடுகளில் இன்று அழகுக்காக நிறுத்தப்படும் தேக்குத் தூண், பித்தளைக் குமிழ் பதித்த கதவு, சங்கிலி ஊஞ்சல், பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி ஆகியவை பெரும்பாலும் வேறொரு வீட்டிலிருந்து வந்தவை. அவை சந்தைக்கு வந்த வழிகள் இரண்டு. ஊரைவிட்டுப் போனவர்கள் சாமான்களை ஏலத்தில் விட்டது ஒன்று. பாகம் பிரிந்தவர்கள் வீட்டையே பிரித்து விற்றது மற்றொன்று. நெடுங்காலம் இந்தப் பொருள்களுக்கு மரத்தின் விலையே விலையாக இருந்தது. அவற்றைப் பார்த்து ரசிக்கத்தக்க பொருளாக மாற்றியதில் பெரும்பங்கு விருந்தினர் விடுதிகளுக்கும் மறுநிர்மாண அருங்காட்சியகங்களுக்கும் உண்டு. வீடு, பழைய சாமான் கடை, விடுதி, மறுபடியும் வீடு என்று பொருள்கள் சுற்றிவந்த இந்தப் பாதையில் காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுக்கும் அதன் பட்டுக்கும் தனி இடம் இருக்கிறது.

காஞ்சிபுரத்து வீட்டின் சாமான்கள்

பழைய தமிழ் வீட்டில் நகர்த்தக்கூடிய மரச்சாமான் குறைவு. படுக்கப் பாய், உட்கார மணை, துணிமணிக்குத் தகரப் பெட்டி அல்லது மரப்பெட்டி, நெல்லுக்குக் குதிர் அல்லது பத்தாயம். வசதி உள்ள வீட்டில் ஊஞ்சல். அலமாரியின் வேலையைச் சுவரில் குடைந்த மாடமும் தலைக்கு மேலிருந்த பரணும் செய்தன. நாற்காலியின் வேலையைத் திண்ணை செய்தது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் இந்தச் சிக்கனம் இன்னும் கூடுதல். முகப்புக் குறுகி உட்புறம் நீண்ட வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி வரிசையாக நின்றன. வீட்டின் நடுக்கூடம் குழித்தறிக்கு உரியது. நெசவாளர் தரையில் வெட்டிய குழியின் விளிம்பில் உட்கார்ந்து, குழிக்குள் கால்விட்டு மிதிகளை இயக்குவார். நெய்த புடவை சுற்றும் படமரம், அச்சு பொருத்திய பலகை, பிற்காலத்தில் தறிக்கு மேலே ஏறிய ஜக்கார்டு பெட்டி என்று அந்த வீட்டின் மதிப்புள்ள நகரும் மரமெல்லாம் தறியிலேயே இருந்தது. பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும் வேலை விடியற்காலையில் தெருவில் நடந்தது. கூடமும் திண்ணையும் தெருவும் சேர்ந்ததே தொழிற்கூடம் என்பதால், உட்காரவும் சாயவும் தனிச் சாமான்கள் வாங்கிப் போட இடமும் இல்லை, தேவையும் இல்லை.

ஆகவே வீட்டின் செல்வம் நிலையான மரவேலையில் குவிந்தது. வாசல் நிலையும் கதவும், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத் தூண்களும், தூணின் தலையில் அமர்ந்த போதிகைகளும், உத்தரமும் கைமரமும்தான் குடும்பத்தின் நிலைமையைக் காட்டின. நிலைக்கு மேற்பகுதியில் கஜலட்சுமியையோ தாமரையையோ செதுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. நிலை வைப்பதற்கு நாள் பார்த்துப் பூசை செய்தார்கள்; அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இப்படிப்பட்ட வீடு இடிந்தாலோ பாகம் பிரிந்தாலோ அதன் மரம் வீணாவதில்லை. பழைய வீட்டு மரத்தைப் புதுவீட்டில் சேர்க்கக் கூடாது என்ற விலக்கு மனையடி சாத்திர மரபில் உண்டு. நடைமுறை அதை முழுதும் ஏற்கவில்லை. உத்தரம் மாட்டுக்கொட்டகைக்குப் போகும்; கைமரம் வேறொரு கூரைக்குப் போகும்; நல்ல பலகை கட்டிலாகவோ பெஞ்சாகவோ மாறும். விலை பேசியது கன அடிக் கணக்கில். செதுக்கு வேலைக்குத் தனி விலை இல்லை. பலகையாக அறுக்கும்போது செதுக்கிய பகுதி கழிவாகப் போகும் என்பதால், சில சமயம் அது விலையைக் குறைக்கவும் செய்தது.

ஏலத்தில் வந்த நாற்காலி

நாற்காலி, மேசை, அலமாரி, கட்டில் ஆகியவை நடுத்தரக் குடும்பங்களுக்குள் பரவியது ஐரோப்பியர் தொடர்புக்குப் பிறகு. சோழமண்டலக் கரையின் தச்சர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியருக்காகக் கருங்காலியில் நாற்காலிகள் செய்தார்கள். அவற்றின் முதுகும் கால்களும் பூவும் கொடியுமாகச் செதுக்கப்பட்டவை. அவற்றில் பல இங்கிலாந்துக்குப் போய்க் கைமாறின. லண்டனை அடுத்த ஸ்ட்ராபெர்ரி ஹில் மாளிகையைப் பழைய கோதிக் பாணியில் அலங்கரித்த ஹோரஸ் வால்போல், 18ஆம் நூற்றாண்டில் அத்தகைய கருங்காலி நாற்காலிகளைத் தேடித்தேடி வாங்கினார். அவை இங்கிலாந்தின் டியூடர் அரசர் காலத்தவை என்பது அவர் எண்ணம். பழைய சாமானைக் கொண்டு புதிய வீட்டுக்குப் பழமை கொடுக்கும் பாணியை ஐரோப்பாவில் பரப்பிய வீடுகளில் ஒன்றில், தமிழகமும் ஆந்திரமும் பங்குகொள்ளும் கடற்கரையின் தச்சு வேலை ஆங்கிலப் பழமையாக வீற்றிருந்தது.

மதராஸில் இதன் எதிர்த்திசைப் போக்கு நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் படை அதிகாரிகளும் சில ஆண்டுகள் தங்கி, மாற்றலிலோ ஓய்விலோ திரும்பினார்கள். கனமான சாமான்களைக் கப்பலேற்றுவது கட்டுப்படியாகாது. ஆகவே புறப்படும்போது எல்லாவற்றையும் ஏலம் விடுவது வழக்கமாயிற்று. இங்கேயே இறந்தவர்களின் உடைமைகளும் ஏலத்துக்கே வந்தன. வாங்கியவர்களில் புதிதாக வந்திறங்கிய ஆங்கிலேயரும் துபாஷிகளும் வணிகரும் வக்கீல்களும் இருந்தார்கள். ஏலத்தில் எடுத்த மேசையை மாதிரியாக வைத்து உள்ளூர்த் தச்சர் தேக்கிலும் ஈட்டியிலும் புதிது செய்தார். மெத்தை தைத்த இருக்கை இந்த வெயிலுக்கு ஆகாது என்பதால் பிரம்புப் பின்னல் வந்தது. கால்களை நீட்டிப் போட்டுக்கொள்ள நீண்ட கைகள் வைத்த சாய்வு நாற்காலி வெள்ளைக்காரர் பங்களாவிலிருந்து தமிழ் வீட்டுத் தாழ்வாரத்துக்கு இறங்கி, வீட்டுப் பெரியவரின் ஆசனமாக நிலைத்தது.

பழைய பொருள்களுக்கு நகரத்தின் நிலையான முகவரி மூர் மார்க்கெட். மதராஸ் மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டிய அந்தச் செங்கல் கட்டடம் 1900இல் திறக்கப்பட்டது. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன அதன் நடைகளிலும் சுற்றுப்புறக் கடைகளிலும் கிராமபோன், சுவர்க் கடிகாரம், கண்ணாடி விளக்கு, பீங்கான், உடைந்த நாற்காலி எல்லாம் கிடைத்தன. மவுண்ட் ரோடு வட்டாரத்தில் மர்ரே நிறுவனம் போன்ற ஏலக்காரர்கள் முறைப்படி சாமான் ஏலங்களை நடத்திவந்தார்கள். 1947ஐ ஒட்டி ஆங்கிலக் குடும்பங்கள் வெளியேறியபோது ஏலச் சரக்கு பெருகி, மருத்துவர், வக்கீல் வீடுகளின் வரவேற்பறைகளை நிரப்பியது. மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று தீக்கிரையானது. அந்த இடத்தில் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் புறநகர்ப் பகுதி எழுந்தது. கடைக்காரர்கள் அருகிலிருந்த புதிய வளாகத்துக்கு இடம் மாறினார்கள்.

பர்மாத் தேக்கு வந்ததும் நின்றதும்

பழைய மரச் சந்தைக்கு மிகப் பெரிய சரக்கு வந்தது செட்டிநாட்டிலிருந்து. 1852ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் ஐராவதி ஆற்றுக் கழிமுகம் நெல் வயலாக மாறியது. அங்கிருந்த விவசாயிகளுக்குக் கடனாக முதல் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு வணிகரான நாட்டுக்கோட்டை நகரத்தார். 1885இல் மேல்பர்மாவும் வீழ்ந்ததற்குக் காரணமான பூசல்களில் தேக்கு வெட்டும் உரிமை பற்றியதும் ஒன்று. மன்னர் தீபாவின் அரசுக்கும் பம்பாய் பர்மா வணிக நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு அது. அதன்பின் பர்மாத் தேக்கு தங்குதடையின்றி வங்கக் கடலைக் கடந்து வந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930கள் வரை காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி முதலிய ஊர்களில் ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்வாசலுமாக நீண்ட வீடுகள் எழுந்தன. தூணுக்கும் கதவுக்கும் பர்மாத் தேக்கு, சிறுவேலைக்கு இலங்கையின் முதிரை, தரைக்கு இத்தாலியச் சலவைக்கல், சுவருக்கு ஜப்பானியப் பூ ஓடு, கூடத்துக்குப் பெல்ஜியக் கண்ணாடி, மாடிக்கு இங்கிலாந்தின் இரும்பு என்று சரக்கு வந்தது. சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்த சுவர்ப்பூச்சு பளிங்குபோல் மின்னியது. சலவைக்கல்லுக்கு மாற்றாக ஆத்தங்குடியில் தரைஓடு செய்யும் தொழில் வளர்ந்தது. கண்ணாடிப் பலகையின்மேல் அச்சு வைத்து, நிறக்குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்தும் ஓடு அது; சூளையில் சுடப்படுவதில்லை.

சாமான்கள் வீட்டுக்குள் குவிந்ததற்குத் திருமணச் சீர் முக்கியக் காரணம். பெண்ணுக்குக் கொடுத்த வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், எனாமல், மரப் பெட்டி, பாய், மெத்தை அனைத்தையும் ஊரார் பார்க்கப் பரப்பிவைக்கும் வழக்கம் இருந்தது. ஒரே வகைப் பாத்திரம் டஜன் கணக்கில் வரும். புழக்கத்துக்குச் சில, மீதி அறைக்குள். ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜப்பான் எனாமல் தட்டுகளும் தூக்குகளும் பயன்படாமலே தலைமுறை தாண்டின. ஓவியர் ரவி வர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்தின் தெய்வப் படங்கள் தேக்குச் சட்டத்தில் வளவு எனப்படும் நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாகத் தொங்கின.

இந்த வளத்துக்கு அடிப்படையான கணக்கு பர்மாவில் உடைந்தது. 1930களின் நெல் விலை வீழ்ச்சியில் கடன் வாங்கியவர்களின் நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 சதவீதமாக இருந்த அவர்களின் நிலவுடைமை 1938க்குள் 25 சதவீதத்தை எட்டியது. பணம் மண்ணாக மாறி அங்கேயே நின்றுவிட்டது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பு, விடுதலைக்குப் பிந்தைய நில நாட்டுடைமை, 1962க்குப் பின் படைத்தலைவர் நே வின் ஆட்சி வங்கிகளையும் வணிகத்தையும் எடுத்துக்கொண்டது என்று அடுத்தடுத்து வந்தவை அந்தச் சொத்தை முழுதும் அழித்தன. வீடு கட்டிய வருமானம் நின்றது. வீட்டைப் பராமரிக்கும் செலவு நின்றபாடில்லை.

காரைக்குடிக் கடைத்தெரு

செட்டிநாட்டு வீடு ஒருவர் சொத்தன்று. மணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். அவருக்கு வளவைச் சுற்றி ஓர் அறையும், கூடத்திலும் முகப்பிலும் பொது உரிமையும் உண்டு. மூன்று தலைமுறையில் பங்காளிகள் பல பத்துப் பேராகிப் பல நாடுகளில் வாழ்வார்கள். கூரை மாற்றும் செலவுக்கு எல்லாரையும் சேர்ப்பது கடினம். விற்றுப் பங்கிடுவது எளிது. கிராமத்தில் அவ்வளவு பெரிய வீட்டை முழுதாக வாங்க ஆள் இல்லாதபோது, அதைப் பிரித்து விற்பதே பணமாக்கும் வழியாயிற்று. 1950களுக்குப் பிறகு இது தனித் தொழிலாகவே வளர்ந்தது.

வீடு பிரிப்பவர் மொத்த மரத்துக்கும் ஒரு தொகை பேசி எடுப்பார். முதலில் ஓடு இறங்கும். பிறகு கைமரம், உத்தரம், தூண், கடைசியில் நிலையும் கதவும். சலவைக்கல்லும் பூ ஓடும் பெயர்க்கப்படும். இரும்புத் தூணும் கம்பியும் எடைக்குப் போகும். எஞ்சிய செங்கல்லும் விலைபோகும். தேக்கின் பெரும்பகுதி அறுவை ஆலைக்குப் போய்ப் புதுக்கதவும் சன்னலுமாக மாறியது. மீந்த சாமான்களைக் கொண்டு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக அமைந்தன. தூண், கதவு, பெல்ஜியக் கண்ணாடி, எனாமல் தூக்கு, பித்தளைப் பூட்டு, நாழி, மரக்கால், சுவர்க் கடிகாரம், கல்லாப் பெட்டி, ரவி வர்மா படம், குடும்பத்தார் யாரென்று தெரியாத புகைப்படம் வரை அங்கே விற்பனைக்கு வந்தன.

தொடக்கத்தில் அங்கே வாங்கியவர்கள் பெரும்பாலும் வியாபாரிகளே. சரக்கு சென்னைக்கும், கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர் தெருக் கடைகளுக்கும், புதுச்சேரிக்கும் போனது. புதுச்சேரியிலும் ஆரோவில் வட்டாரத்திலும் பழைய சாமான்களைச் செப்பனிட்டு விற்கும் பட்டறைகள் பெருகின. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற கட்டில்களும் பீரோக்களும் செட்டிநாட்டுத் தூண்களும் அங்கே ஒன்றுகலந்து, ஐரோப்பிய வீடுகளுக்கும் கப்பலேறின.

விடுதிகள் காட்டிய வழி

பழைய கட்டடத்தைத் தங்குமிடமாக்கும் திட்டத்தை அரசே எடுத்து நடத்திய முன்னோடி நாடு ஸ்பெயின். அங்கே 1928இல் தொடங்கிய பாராதோர் விடுதிகள் கோட்டைகளிலும் மடங்களிலும் பரவின. இந்தியாவில் உதயப்பூர் ஏரி அரண்மனை 1963இல் விடுதியானது. ராஜஸ்தானின் நீம்ராணா கோட்டை 1991இல் விருந்தினருக்குத் திறந்தது. தமிழ்நாட்டில் இந்த எண்ணம் வேறு வடிவம் எடுத்தது. இங்கே எடுத்தாளப்பட்டவை வணிகர் வீடும், அதன் உதிரிப் பாகங்களும்.

உதிரிப் பாகங்களின் வழியைத் திறந்தவர்களில் முதன்மையானவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003). கொழும்பு 33ஆம் சந்தில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கித் தமக்கென அவர் அமைத்த இல்லத்தில் செட்டிநாட்டு மரத்தூண்களும் பழைய கதவுகளும் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே நிற்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி வெற்றிடம் விட்டு, மேலிருந்து வெளிச்சம் விழச் செய்ததுதான் அவர் முறை. செட்டிநாட்டு வளவில் தூண் வரிசையில் ஒன்று; பாவாவின் வீட்டில் அது தனித்து நிற்கும் சிற்பம். அதே பார்வையுடன் 1970களில் மதுரையில் ஆலை நிறுவனம் ஒன்றுக்காக மன்றக் கட்டடம் ஒன்றை அமைத்தார். உள்ளூர்க் கல்லும், பிரித்த வீடுகளின் தூணும் கதவும் கொண்டு எழுந்த அந்தக் கட்டடம் இன்று ஹெரிட்டேஜ் மதுரை விடுதியின் பகுதி. சென்னைக் கன்னிமரா விடுதியின் புதுப்பிப்பிலும் அதே காலத்தில் அவர் பணியாற்றினார்.

அடுத்த திருப்பம் சென்னையை அடுத்த முட்டுக்காட்டின் தட்சிணசித்ரா அருங்காட்சியகம். டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் அறக்கட்டளை, இடிபடவிருந்த வீடுகளை வாங்கிப் பிரித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மறுபடி கட்டியது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வழிகாட்டலில் உருவான வளாகம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வணிகர் வீடு, திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூர் அக்ரகார வீடு ஆகியவற்றோடு காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் அங்கே இருக்கிறது. வீடு பிரிக்கும் தொழிலின் அதே உத்தியை இந்த முயற்சி எதிர்நோக்கத்துக்குப் பயன்படுத்தியது: பாகங்களைக் குறித்துவைத்து, பிரித்த ஒழுங்கிலேயே திரும்பக் கோத்தது. திண்ணையும் நடையும் தறிக்கூடமும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தின என்பதை அங்கே போகிற நகரவாசிகள் நேரில் பார்க்க முடிந்தது. கடையில் தனித்துக் கிடக்கும் தூணிலோ கதவிலோ அது தெரிவதில்லை.

செட்டிநாட்டிலேயே முழு வீடுகள் விடுதிகளானது 1990களின் இறுதியிலிருந்து. காரைக்குடியில் நகரத்தார் ஆண்கள் கூடும் இடமாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த கட்டடத்தை மீனாட்சி மெய்யப்பன் ‘தி பங்களா’ விடுதியாக்கினார். கானாடுகாத்தானில் ‘விசாலம்’, கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’, கொத்தமங்கலத்தில் ‘சாரதா விலாஸ்’ ஆகியவை பின்தொடர்ந்தன. சாரதா விலாஸை மீட்டெடுத்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் பெர்னார் டிராகோன், மிஷேல் ஆத்மான் இருவரும் செட்டிநாட்டு ஊர்களை ஆவணப்படுத்தும் பணியிலும் ஈடுபட்டார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதி யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. மத்திய சுற்றுலா அமைச்சகம் 1950க்கு முன் கட்டப்பட்ட மாளிகைகளுக்குப் ‘பாரம்பரிய விடுதி’ என்ற தனி வகையையும் வகுத்திருக்கிறது.

விடுதி வந்தபின் காரைக்குடிக் கடைகளின் வாடிக்கையும் மாறியது. விடுதிகளுக்கு ஒரே காலத்துக் கட்டில்களும் கண்ணாடிகளும் தேவைப்பட்டதால் அவையே பெரிய கொள்முதல்காரர்களாயின. தங்கிய விருந்தினர் மறுநாள் காலையில் அதே தெருவுக்குப் போய், இரவில் பார்த்த எனாமல் தூக்கையும் முக்காலியையும் கேட்டார்கள். கன அடிக் கணக்கு போய், செதுக்கு வேலைக்கும் காலத்துக்கும் விலை வந்தது.

காஞ்சிபுரத்தில் இத்தகைய மாற்றம் சிறிய அளவிலேயே நடந்தது. கர்நாடக இசைக் கலைஞர் நைனா பிள்ளை பெயரிலான தெருவில் பழைய வீடு ஒன்றைச் செப்பனிட்டு, அந்தக் காலத்துச் சாமான்களோடு ‘காஞ்சி குடில்’ என்று பயணிகளுக்குத் திறந்தார்கள். கோயிலுக்கும் பட்டுக்கும் வருபவர்கள் பெரும்பாலும் அன்றே சென்னை திரும்பிவிடுவதால், வீட்டை விடுதியாக்கும் தொழில் அங்கே செட்டிநாட்டைப் போல் வேர்பிடிக்கவில்லை.

வீடு எடுத்துக்கொண்ட பாடங்கள்

விடுதியிலிருந்து நகர வீட்டுக்கு வந்தவை பொருள்கள் மட்டுமல்ல, அவற்றை வைக்கும் முறையும்தான். வரவேற்பறையை மெத்தை நாற்காலிகளால் நிரப்பும் 1970களின் பழக்கத்துக்கு மாறாக, ஒரு பெரிய பழம்பொருளை நடுப்பொருளாக்கிச் சுற்றிலும் காலியாக விடுவது வழக்கத்துக்கு வந்தது. தரைக்கு ஆத்தங்குடி ஓடோ சிவப்பு ஆக்சைடு பூச்சோ, சுவருக்கு வெள்ளை, நடுவே ஊஞ்சல் என்பது ஒரு பாணியாகவே நிலைத்தது. முற்றமில்லாத அடுக்குமாடி வீட்டில் இரண்டு தூண்களை நிறுத்திக் கூடத்தையும் உணவறையையும் பிரிப்பார்கள். கதவை மேசையாக்கி மேலே கண்ணாடி போடுவது, சன்னல் சட்டத்தில் நிலைக்கண்ணாடி பதிப்பது, கல்லாப் பெட்டியைத் தாழ்மேசையாக்குவது, மரக்காலில் செடி வைப்பது ஆகியவையும் விடுதி முகப்புகளில் பார்த்துப் பழகியவையே.

வாங்கும்போது பார்ப்பதற்கென்று தச்சர்கள் சில குறிகளை வைத்திருக்கிறார்கள். பழைய தேக்கு கனமாக இருக்கும். ஓரத்தை இழைத்தால் எண்ணெய்ப் பசையும் மணமும் தெரியும். அடிப்பகுதியும் பின்புறமும் பொய் சொல்வது குறைவு: அங்கே உளித்தடமும் கைரம்பத் தடமும் இருந்தால் பழைய வேலை, சீரான இயந்திர அறுப்பு இருந்தால் பிற்காலத்தது. பழைய மூட்டுகளில் கழுந்தைத் துளையில் செருகி மூங்கில் அல்லது மர ஆணி அடித்திருப்பார்கள். தட்டிப் பார்த்து மாவு உதிர்ந்தால் மரம் உளுத்திருக்கிறது. தரையில் ஊன்றிய தூணின் அடியில் கரையான் புகுந்திருக்கும். கெட்ட பகுதியை அறுத்துவிட்டுக் கல் பீடம் வைப்பார்கள். பல தலைமுறைப் பெயிண்டைக் காரம் போட்டு உரித்தால் நார் எழும்பிவிடும் என்பதால் மெல்லச் சுரண்டி எடுப்பது நல்லது. பிறகு எண்ணெயோ மெழுகோ அரக்குப் பாலிஷோ போதும். நூறாண்டு காய்ந்த மரம் புதிய மரத்தைப்போல முறுக்கிக்கொள்ளாது என்பதுதான் பழைய தேக்குக்குத் தச்சர் கொடுக்கும் முதல் மதிப்பு.

பழைய பட்டு

காஞ்சிபுரம் இந்தச் சந்தைக்குத் தந்த பொருள் மரத்தைவிடப் பட்டில் அதிகம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. சூரத்திலிருந்து வந்துகொண்டிருந்த அதைக் காஞ்சிபுரத்திலேயே தயாரிக்க அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலை அமைக்கப்பட்டது. ஜரிகையில் வெள்ளி இருப்பதால் கிழிந்த புடவைக்கும் விலை உண்டு. பழைய பட்டுப்புடவை வாங்குவோர் தெருவில் கூவிப் போவதும், புடவையை எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரிப்பதும் நெடுங்கால வழக்கம். இங்கும் விலை எடையின் விலையே. பழைய கதவுக்கு நேர்ந்ததுதான் பழைய புடவைக்கும் நேர்ந்தது. வண்ணச் சேர்க்கையும் கரை வடிவமும் நெருப்பில் போயின.

விடுதிகளும் அலங்காரத் துணிக் கடைகளும் பழைய புடவைகளைத் திண்டு உறை, கட்டில் விரிப்பு, திரைச்சீலை, சுவர்ப்படம் என்று பயன்படுத்தத் தொடங்கியபின் அவற்றுக்கு மாற்று விலை கிடைத்தது. உடல் பகுதி பட்டு மடிப்பில் விட்டுப்போனாலும், ஜரிகை ஓடிய கரையும் முந்தியும் தாங்கும். அவற்றையே வெட்டி எடுத்துப் பருத்தித் துணியில் ஒட்டித் தைப்பார்கள். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் கோத்த கோர்வை, முந்தியை வேறு பாவில் இணைத்த பேட்டு ஆகியவை பழைய கைத்தறிப் புடவையின் அடையாளங்கள். அந்த இணைப்புக் கோடு பின்புறத்தில் தெளிவாகத் தெரியும். நல்ல நிலையில் உள்ள பழைய புடவைகளை மாதிரியாக வைத்து அதே வடிவத்தைத் திரும்ப நெய்யும் முயற்சிகளும் நடக்கின்றன. அதற்கு எரியாத புடவை கையில் இருந்தாக வேண்டும்.

சட்டமும் நகலும்

பழம்பொருள் வணிகத்துக்கு எல்லை வகுப்பது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். 1976இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் தொல்பொருள்கள். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வணிகம் செய்ய உரிமம் வேண்டும். சிற்பம், ஓவியம் போன்ற குறிப்பிட்ட வகைகளைப் பதிவு செய்யவும் வேண்டும். செட்டிநாட்டுச் செதுக்கு வேலை ஆண்டுக்கு ஆண்டு இந்த வரம்புக்குள் வந்துகொண்டிருக்கிறது. கோயில் வாகனத்தின் பகுதியோ தேர்ச் சிற்பமோ கடைக்கு வந்தால் அதன் உரிமையே கேள்விக்குரியது. அவற்றை அலங்காரப் பொருளாக வாங்குவது சட்டச் சிக்கலில் முடியலாம்.

பிரிப்பதற்கு வீடு குறையக் குறைய நகல் பெருகியது. காரைக்குடியிலும் புதுச்சேரியிலும் பழைய பலகையிலிருந்து புதிதாகச் செய்த ‘பழைய’ நாற்காலிகள் விற்கின்றன. தூண்கள் வேம்பிலும் பலாவிலும் கடைந்து நிறமேற்றி வருகின்றன. நகல் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான தொழிலே. உள்ளூர்த் தச்சருக்கும் ஆத்தங்குடி ஓட்டுப் பட்டறைக்கும் வேலை கிடைக்கிறது, இன்னொரு வீடு பிரிபடாமல் தப்பிக்கிறது.

காஞ்சிபுரத்துத் தெருக்களில் ஓட்டு வீடுகள் காங்கிரீட் தளமாக மாறிவருகின்றன. குழித்தறிக்குப் பதில் தரைக்கு மேல் நிற்கும் தறிகளும் வந்திருக்கின்றன. தறியையே விட்ட குடும்பங்களும் உண்டு. வீடு மாறும்போது நிலையும் தூணும் சந்தைக்குப் போகின்றன. திண்ணை, தறிக்குழி, பாவு நீட்டும் தெருவெளி ஆகியவற்றுக்குச் சந்தை இல்லை. பழைய பொருளை வாங்குவது பொருளைக் காக்கும். வீட்டின் அமைப்பைக் காப்பதற்கு வீடு நின்ற இடத்திலேயே அதற்கு ஒரு பயன் தேவை. செட்டிநாட்டில் சில வீடுகளுக்கு விடுதி அந்தப் பயனைக் கொடுத்தது. காஞ்சிபுரத்து வீட்டுக்கு அதைக் கொடுக்கக்கூடியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தறிதான்.